இருபத்தேழு வளைவும் ஒரு காக்கிச் சட்டையும்

பார்த்தீங்களா, இந்த டிரைவர் தம்பி ஆரன் அடிக்காமயே பஸ்சை வளைச்சுப்போட்டாரு. நாலாவது வளைவு. நான் எண்ணிட்டே வாரனுங்க. முதல் மூணுக்கு அடிச்சாரு, நாலாவதுக்கு இல்லை. ஏனுங்க, நீங்க வால்பாறை வரைக்குமா? நல்லதாப் போச்சு. நானும் அங்கேதான், ஒரு கல்யாணம். முப்பத்தொரு வருசம் இந்த ரோட்டுல பஸ்சு ஓட்டுனவன் நான். திருமூர்த்தின்னு சொன்னா டிப்போவுல இன்னும் தெரியும். முப்பத்தொரு வருசத்துல ஒரு கோழி அடிபட்டதில்லை. எப்படின்னு கேளுங்க. ஆரன். வேற ஒண்ணுமில்லை. வளைவுக்கு முன்னாடி ரெண்டு சின்னது, ஒரு பெருசு. எதுக்கால வாரவனுக்கு நாம இருக்கறது தெரியோணும், அவ்வளவுதான் சங்கதி.

அந்த ஆரனாலதானுங்க என்னைய பிரான்சுல இருந்து முடுக்கி உட்டுப்போட்டாங்க. தொண்ணூறு நாள் விசா வாங்கிட்டுப் போனேன். நாப்பத்தொண்ணாவது நாள் பிளேன் ஏத்தி உட்டுட்டாங்க. யாருன்னு நெனைக்கிறீங்க? என்ற சொந்தப் புள்ளை.

இல்லீங்க, கோவமெல்லாம் இல்லை. மனசு ஆறலை, அவ்வளவுதான். நீங்களே கேட்டுப்போட்டு ஞாயத்தைச் சொல்லுங்க.

என்ற மக பேரு பிருந்தா. நான் அம்முணின்னுதான் கூப்புடுவேன். கோயமுத்தூர்ல படிச்சுப்போட்டு வேலைக்குன்னு பிரான்சு போனவ, அங்கேயே ஜோர்டின்னு ஒருத்தரைக் கட்டிக்கிட்டா. மாப்ளை நல்ல மனுசன். அவரு பேசறது எனக்குப் புரியாது, நான் பேசறது அவருக்குப் புரியாது, அதனால ஒரு நாள் கூட எங்களுக்குள்ள மனஸ்தாபம் வந்ததில்லை. 'மாமா'ன்னு ஒரே ஒரு வார்த்தை கத்து வெச்சிருந்தாரு. சந்தோசம்னாலும் மாமா, தலையில கை வெச்சுக்கிட்டாலும் மாமா.

அவங்க இருக்கறது ஒரு மலையடி ஊரு. மலைக்கு இந்தப்பக்கம் பிரான்சு, உச்சியைத் தாண்டினா ஸ்பெயினு. மேகம் இல்லாத நாள்ல கீழ கடலு தெரியும். அந்த ஊர்ல ஆறு ரூமு போட்டு ஒரு விடுதி நடத்தறாங்க. யாருக்குன்னு கேளுங்க. சைக்கிள்காரங்களுக்கு. ஏழைபாழைன்னு நெனைச்சுராதீங்க. டாக்டரு, வக்கீலு, பெரிய பெரிய ஆளுங்க. வீட்டுல ரெண்டு காரு நிக்கும். இங்கே வந்து வேர்வை சொட்டச் சொட்ட இருபத்தேழு வளைவு மிதிச்சு மேல போவாங்க. ஆமாங்க, இருபத்தேழுதான். நம்மளுது நாப்பது. மேல போயி என்ன பண்றாங்கன்னு கேளுங்க. ஒரு வாழைப்பழம் தின்னுபோட்டுக் கீழ வந்துருவாங்க. கோயிலும் இல்லை, நேர்த்திக்கடனும் இல்லை. என்னத்துக்கு இப்படின்னு அம்முணியக் கேட்டா, "சத்தமில்லாத ரோடுப்பா, அதுக்குத்தான் வர்றாங்க"ங்கறா. சத்தமில்லாம இருக்கறதுக்குப் பிளேன் ஏறி வாரவங்களை நான் இப்பத்தான் பாக்கறனுங்க.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான். உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. "அப்பா, நீங்க ஊருக்குப் போக வேண்டாம், இங்கேயே இருந்துக்கோங்க"ன்னு அவ வாயால ஒரு வார்த்தை வரோணும். சம்சாரம் போயி ஏழு வருசமாச்சு. அவ இருந்த வரைக்கும் தாயும் புள்ளையும்தான் பேசிக்குவாங்க, எனக்குச் சேதி மட்டும் வரும். டூட்டி அப்படி. இனியாவது புள்ளைகூட இருக்கலாம்னு பாத்தேன். இருக்கோணும்னா நாம அவங்களுக்குப் பிரயோசனமா இருக்கோணுமில்லீங்களா? சும்மா உக்காந்து திங்கறவனை யாரு இருன்னு சொல்லுவாங்க?

ஆனா ஒரு சோலியும் தர மாட்டேங்கறாங்க. "கம்முனு ஓய்வா இருங்கப்பா." பத்து நாள் ஓய்வா இருந்து பாத்தேன். ஒடம்புக்கு ஆகலை. பதினோராவது நாளு மாப்ளை கீழ விழுந்து மணிக்கட்டு பெசகிருச்சு. பாவந்தான். ஆனா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம், பொய் சொல்லப்படாது. சைக்கிள்காரங்களுக்குப் பின்னாடியே தண்ணி, பையி எல்லாம் ஏத்திட்டு ஒரு வேனு போகோணும். வேற ஆளில்லை. நான் கையோட வெளிநாட்டு லைசென்சும் வாங்கிட்டுத்தான் போயிருந்தேன். காக்கிச் சட்டையும் கொண்டு போயிருந்தேன். அதைப் போடாம வண்டியில ஏறினா எனக்கு வேற யாரோ வண்டியில ஏறின மாதிரி இருக்கும்.

முதல் நாளு முதல் வளைவு. ரெண்டு சின்னது, ஒரு பெருசு. முன்னாடி போயிட்டு இருந்த ஒரு மனுசன் சைக்கிளோட ஓடைக்குள்ள எறங்கிட்டாரு. ஆரன் அடிச்சதால எறங்கலீங்க. ஆரன் கேட்டா ஓரங்கட்டோணும்னு தெரியாததால எறங்கினாரு. அதை நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன், தமிழ்லதான். இருபத்தேழு வளைவும் முடியறதுக்குள்ள மூணு பேரு எறங்கிட்டாங்க. ஒரு ஜெர்மன்காரரு பாதி மலையில சைக்கிளைப் போட்டுட்டு டாக்சி வரச்சொல்லிப் போயிட்டாரு. வெயிலு தாங்கியிருக்காது.

அடுத்த நாள் காலையில வண்டியில ஏறி அமுத்தறேன், சத்தமே வரலை. மாப்ளை ஆரன் ஒயரைப் புடுங்கிப்போட்டாரு. அம்முணி சொல்றா, "அப்பா, இங்க ஆரன் அடிச்சா திட்டற மாதிரி அர்த்தம்." நான் யாரையாவது திட்டினனா? 'வாரனுங்க, பாத்துங்க'ன்னு சொல்றதுக்குப் பேரு திட்டறதா? சரி, புள்ளை சொன்னதுக்கு மறுபேச்சு பேசப்படாதுன்னு, சன்னலுக்கு வெளிய தலையை நீட்டி வாயாலயே அடிச்சேன். பாம், பாம், பாஆஆம். மூணு நாள்ல தொண்டை கட்டிப் போச்சு. அதுக்கப்புறம் வண்டிச் சாவியை எங்க வெக்கறாங்கன்னு எனக்குச் சொல்றதில்லை. நானாத்தான் கண்டுபுடிச்சேன், மாவு டப்பாவுக்குள்ள.

இந்தா, இதுக்கு அடிச்சாரு பாருங்க. ஒன்பதாவது. அடிச்சா மனசுக்கு எவ்வளவு தெம்பா இருக்குது.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாரேன். அங்கே ஒரு சங்கம் இருக்குதுங்க. எந்தெந்த மலை ரோடு அமைதியா இருக்குதுன்னு பாத்து, அதுக்கெல்லாம் பச்சைக்கோடு போட்டு ஒரு வரைபடம் அடிச்சு விப்பாங்க. சைக்கிள்காரங்களுக்கு அதுதான் பஞ்சாங்கம். பச்சைக்கோடு வுழுந்துட்டா அந்த ரோட்டுல இருக்கற விடுதிக்கு ஆளு வந்துட்டே இருக்கும். வுழலைன்னா ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான். நம்ம புள்ளை ஊட்டுல ஆறு ரூமுல நாலு ரூமு ரெண்டு வருசமா காத்து வாங்கிட்டு இருந்துச்சு. இந்தத் தடவை கோடு வுழலைன்னா பூட்டிப்போட்டு டவுனுக்கு வேலைக்குப் போயிறதுன்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணியிருந்தாங்க. அதை எங்கிட்ட யாரும் சொல்லலை. அவ போன்ல பேசறதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

நம்ம ரோட்டைப் பாக்கறதுக்கு ஒரு அம்மா சங்கத்துல இருந்து வாராங்க. சனிக்கிழமை காலையில ஊர்ல இருந்து உச்சி வரைக்கும் சைக்கிள் மிதிப்பாங்க. வழியில அஞ்சு வண்டிக்கு மேல எதுக்கால வந்தாலோ தாண்டினாலோ கோடு கிடையாது. நம்ம ஊர்ப்பக்கம் மாப்ளை வீடு வீடாப் போயி, சனிக்கிழமை காலையில யாரும் வண்டி எடுக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு. இருக்கறதே எட்டு வண்டி, சரின்னுட்டாங்க. ஆனா மலைக்கு அந்தப்பக்கம்? சனிக்கிழமை கீழ பிரான்சு டவுன்ல சந்தை. ஸ்பெயின்ல இருந்து காலையில முப்பது வண்டியாவது உச்சி தாண்டி எறங்கும். அதை யாரும் ரோசனை பண்ணலை. எங்கிட்டச் சொன்னது ஒண்ணே ஒண்ணு. "அப்பா, சனிக்கிழமை நீங்க வெளியவே வராதீங்க."

ஏனுங்க, மலை ரோட்டுச் சட்டம் என்ன? ஏறி வாரவனுக்குத்தான் முதல் உரிமை. எறங்கறவன் நின்னு வழி உடோணும். அந்த அம்மா ஏறி வாராங்க. அப்ப எறங்கற வண்டியை எல்லாம் மேலயே நிறுத்தோணும். ஆழியாத்துல செக்போஸ்ட் இல்லைன்னா இந்த மலை என்ன கதியாகும்னு நெனைச்சுப் பாருங்க. அந்த உச்சியிலயும் ஒரு செக்போஸ்ட் இருக்குது. பழைய கட்டடம், கதவு தொறந்தே கெடக்கும். முன்னாடி எல்லைச் சோதனை நடந்த இடமாம். இப்ப ரெண்டு தேசமும் ஒத்துமையாகி, யாரும் யாரையும் நிறுத்தறதில்லையாம். ஒத்துமை வேற, செக்போஸ்ட் வேற. அது சும்மா கெடக்கறதைப் பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரியும்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு மாவு டப்பாவுல சாவியை எடுத்தேன். காக்கிச் சட்டை, காக்கி பேண்ட். எங்கூட இருபது வருசம் ஓடின கண்டக்டரு ரிடையர்மெண்ட் அன்னைக்குக் குடுத்த விசில் ஒண்ணு. மேல போயி, வேனை ஓரங்கட்டிப்போட்டு, செக்போஸ்ட் முன்னாடி கல்லு நாலு வெச்சு, நடுவுல நின்னேன்.

ஏழு மணிக்கு முதல் வண்டி. தக்காளி ஏத்துன சின்ன வேனு. விசில் அடிச்சு ஒத்தைக் கையைக் காட்டினேன். நின்னுருச்சு. அந்த மனுசன் என்னைப் பாத்தாரு, காக்கியைப் பாத்தாரு, கட்டடத்தைப் பாத்தாரு. பையில கை உட்டு அடையாள அட்டையை எடுத்து நீட்டறாரு. நான் கேக்கவே இல்லீங்க. நீட்டறதை வாங்காம இருந்தா மரியாதை இல்லையே, வாங்கிட்டேன். முன்னாடி பாத்தேன், பின்னாடி திருப்பிப் பாத்தேன். போட்டோ மட்டும் புரிஞ்சுது. சட்டைப் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டேன். அவரைப் பாத்துட்டு ரெண்டாவது வண்டிக்காரரும் குடுத்தாரு. மூணாவது வண்டியில ஒரு அம்மா, கூட ஒரு நாயி. நாய்க்கும் ஏதோ காயிதம் குடுத்தாங்க.

எட்டரை மணிக்கு இருபத்திரெண்டு வண்டி. ஒருத்தரும் மல்லுக்கு வரலீங்க. எறங்கி ஒருத்தரோட ஒருத்தர் குசுகுசுன்னு பேசிக்கறாங்க. ரெண்டு தேசத்துக்கும் ஏதோ ஆகிப்போச்சுன்னு நெனைச்சிருப்பாங்க போல. ஒரு பெரியவரு எங்கிட்ட வந்து, கையைப் புடிச்சுக்கிட்டுக் கண்ணுல தண்ணியோட என்னமோ கேட்டாரு. "ஒண்ணுமில்லீங்க, ஒரு அம்மா ஏறி வாராங்க, வந்ததும் உட்டுருவேன்"ன்னேன். தலையை ஆட்டிட்டுப் போயி அல்லாருக்கும் அதை எடுத்துச் சொன்னாரு. என்னன்னு சொன்னாரோ தெரியலை, ஒருத்தரு காருல இருந்து வெள்ளைத் துண்டை எடுத்துக் கொடி மாதிரி கட்டிட்டாரு.

ஒன்பது மணிக்கு முப்பத்தொண்ணு. அப்பத்தானுங்க அது நடந்துச்சு. கடைசியில நின்ன ஒரு பையன் பொறுமை கெட்டுப்போயி ஆரன் அடிச்சான். கண்டபடி, ஒரே நீட்டமா. எனக்கு அப்படியே மேலெல்லாம் சிலிர்த்துருச்சு. என்ற ஆரன் ஒயரைப் புடுங்கினதுல இருந்து இருபத்தஞ்சு நாளா அந்த மலையில கேக்காத சத்தம். நேரா அவங்கிட்டப் போனேன். திட்டறதுக்குன்னு நெனைச்சு அவன் கண்ணாடியை ஏத்திட்டான். தட்டி எறக்கச் சொல்லி, "அப்படி அடிக்கப்படாது சாமி. ரெண்டு சின்னது, ஒரு பெருசு"ன்னு விசில்லயே அடிச்சுக் காட்டினேன். அடிச்சான். சுத்தமா வந்துச்சு. முன்னாடி வண்டிக்காரருக்கும் சொல்லிக் குடுத்தேன். அப்படியே வரிசையா. சோதனைக்கு இதுவும் ஒரு வழக்கம்னு நெனைச்சாங்களோ என்னமோ, ஒருத்தரும் மாட்டேன்னு சொல்லலை. கடைசியில அல்லாரும் ஒண்ணா அடிச்சுப் பாக்கலாம்னு கையைத் தூக்கினேன்.

முப்பத்தொரு வண்டிங்க. ரெண்டு சின்னது, ஒரு பெருசு. எதுக்கால மலையில முட்டித் திரும்பி வருது. முப்பத்தொரு வருச சர்வீசுக்கும் அன்னைக்குத்தான் எனக்குச் சரியான பிரிவுபசாரம் கெடைச்சுதுன்னு சொல்லுவேன்.

மூணாவது தடவை அடிச்சு ஓய்ஞ்சப்ப, இருபத்தேழாவது வளைவுல அந்த அம்மா வந்துட்டாங்க. அறுபது வயசு இருக்கும், ஒல்லியா. எறங்கி, தொப்பியைக் கழட்டிப்போட்டு, வாயைத் தொறந்து நிக்கறாங்க. நான் சல்யூட் வெச்சேன். அவங்களும் பையில இருந்து அட்டையை எடுத்து நீட்டறாங்க. சைக்கிளுக்குச் சோதனை இல்லைன்னு கையாலயே சொல்லி, வழி உட்டு, ஒரு வாழைப்பழமும் குடுத்தேன். ஏன் குடுத்தேன்னா, அங்கே மேல வந்து அதைத்தானே திங்கறாங்க.

அவங்க வந்து கொஞ்ச நேரத்துல ரெண்டு பக்கத்துப் போலீசும் வந்துட்டாங்க. இந்தப்பக்கத்துக்காரங்க என்னைய ஸ்பெயின் ஆளுன்னு நெனைச்சு சல்யூட் அடிக்கறாங்க. அந்தப்பக்கத்துக்காரங்க பிரான்சு ஆளுன்னு நெனைச்சு சல்யூட் அடிக்கறாங்க. அப்புறம் அவங்களுக்குள்ளயே நின்னு பேசிக்கறாங்க, எங்ககிட்டச் சொல்லாம எப்படிச் சோதனை ஆரம்பிச்சீங்கன்னு. முக்கால் மணி நேரம். அது வரைக்கும் வண்டிகளை நான்தான் ஒவ்வொண்ணா எறக்கி உட்டேன். அடையாள அட்டையைத் திருப்பிக் குடுக்கறதுல மட்டும் ரெண்டு மூணு மாறிப்போச்சு. எல்லாம் மீசை வெச்ச மூஞ்சியாவே இருந்தா நான் என்ன பண்றது?

அப்ப அம்முணியும் மாப்ளையும் வந்தாங்க. மாப்ளை தலையில கை வெச்சுக்கிட்டு "மாமா"ன்னாரு. அம்முணி எங்கிட்ட நேரா வந்தா. அத்தனை பேருக்கு முன்னாடி, சத்தமே இல்லாம, "அப்பா, சட்டையைக் கழட்டுங்க"ன்னா.

கழட்டினனுங்க. பனியனோட நின்னேன். முப்பத்தொரு வருசத்துல அதிகாரி ஒருத்தன் கூட என்னைய அப்படிச் சொன்னதில்லை.

சரி, பச்சைக்கோடு என்னாச்சுன்னு கேக்க மாட்டீங்களா? வுழுந்துருச்சுங்க. அந்த அம்மா சங்கத்துக்கு எழுதின தாள்ல, 'வழியில வந்த வண்டி: பூஜ்யம்.' அந்த மலைநாட்டுலயே பூஜ்யம் வாங்கின ரோடு அது ஒண்ணுதான். கீழ ஒரு குறிப்பும் எழுதியிருந்தாங்களாம், 'உச்சியில எல்லைச் சோதனை கடுமை, அடையாள அட்டை அவசியம்'னு. இப்ப ஆறு ரூமும் நெறைஞ்சு, மாடியில ரெண்டு ரூமு கட்டிட்டு இருக்காங்க. வாரவங்க அல்லாரும் அட்டையைக் கையில வெச்சுக்கிட்டே மேல ஏறி, காலிக் கட்டடத்தைப் பாத்து ஏமாந்து வாராங்களாம். யாரால வந்துச்சு இத்தனையும்? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, "அப்பாவாலதான்"ன்னு யாராவது சொன்னாங்களா? மூணாவது நாளு டிக்கெட்டைக் கையில குடுத்துட்டா. போலீசு கேஸு போடாம உட்டதே பெருசு, ஊருக்குப் போயிருங்கப்பாங்கறா.

ஏர்போர்ட்டுக்கு அவதான் ஓட்டிட்டு வந்தா. ரெண்டு மணி நேரம். ரோடு நல்ல ரோடுங்க. அங்கே கொய்யா மாதிரி ஒரு பழம், பேரு தெரியலை, அது ஓரத்துல காச்சுக் கெடக்கறதைப் பத்திச் சொல்லிட்டே வந்தேன், ஆழியாத்து டேமு மட்டத்தைச் சொன்னேன், புது டிப்போ மேனேஜரைப் பத்திச் சொன்னேன். வண்டியை நிறுத்தினதும், இஞ்சினை அணைச்சுப்போட்டு, என்னைப் பாக்காமயே சொல்றா. "அப்பா, நாப்பத்தோரு நாளு இருந்தீங்க. ஒரு நாளாவது, நீ நல்லா இருக்கியான்னு எங்கிட்டக் கேட்டீங்களா?"

அதைக் கேக்கோணுமா? பாத்தாலே தெரியுதே, நல்லாத்தானே இருக்கா? கொஞ்சம் எளைச்சிருந்தா, அது சைக்கிள் ஓட்டறதால. கண்ணுக்குக் கீழ கருத்திருந்துச்சு, அது காலையில வெள்ளெனவே எந்திரிக்கறதால. எல்லாத்துக்கும் காரணம் இருக்குது. கேட்டா என்ன சொல்லிரப் போறா?

இருந்தாலும் பாருங்க, ஊருக்கு வந்த பொறவு அது மனசுல உறுத்திட்டே இருந்துச்சு. சரி, கேட்டாப் போச்சு, காசா பணமான்னு, போன ஞாயித்துக்கெழமை அவ கூப்புட்டப்ப எடுத்த எடுப்புலயே கேட்டுப்போட்டேன். மழை, தேங்கா வெலை ஒண்ணும் பேசலை. "அம்முணி, நீ நல்லா இருக்கியா கண்ணு?"

அவ்வளவுதான் கேட்டேன். அந்தப்பக்கம் சத்தமே இல்லை. ஹலோங்கறேன். ஹலோ, ஹலோங்கறேன். ஒண்ணுமில்லை. டவர் போயிருச்சுன்னு வாசலுக்கு ஓடினேன், கெணத்து மேட்டுல ஏறி நின்னுட்டு ஹலோ ஹலோன்னு கத்தறேன், பக்கத்துத் தோட்டத்துக்காரரு என்னமோ ஏதோன்னு மம்பட்டியோட ஓடியாந்துட்டாரு. சரி, கட்டாயிருச்சுன்னு வெக்கப் போறேன், அப்பத்தான் மெல்லச் சொல்றா. "கத்தாதீங்கப்பா. லைன்லதான் இருக்கேன்." தொண்டை கரகரன்னு இருந்துச்சு. சளி புடிச்சிருக்கும், இப்ப அங்கே குளிரு.

நீங்களே ஞாயத்தைச் சொல்லுங்க. லைன்ல இருக்கறவ ஒரு சத்தம் குடுத்தாத்தானுங்க, இருக்கறான்னு நமக்குத் தெரியும்?